தைத்தவளின் கையில் கொடுத்துப் பார்த்த மூன்று ரீசேர்ட்டுகள்

கடந்த பெப்ரவரியில் கொழும்பில் மூன்று இடங்களில் மூன்று வெள்ளை ரீசேர்ட்டுகள் வாங்கினேன். மூன்றும் வட்டக் கழுத்து, அரைக்கை, படமோ எழுத்தோ இல்லாதவை. மாறி மாறி உடுத்தி, வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த மொட்டைமாடியில் காயப்போட்டுப் பத்து மாதங்கள் ஆகிவிட்டன. உப்புக் காற்றும், வியர்வையும், ஐப்பசி மழையில் இரண்டு நாளாகியும் போகாத ஈரமும் ஒரு துணியின் குணத்தை வெளியே கொண்டுவந்துவிடும். அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

வாங்கும்போது இரண்டு விடயங்களைத் தேடினேன். பருத்தி இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் இல்லாமல் விளைந்ததாக இருக்கவேண்டும். தைத்தவர்களுக்கு நியாயம் நடந்திருக்கவேண்டும். இரண்டாவதற்குக் காரணம் என் சின்னம்மாவின் மகள். பத்தொன்பது வயதில் வவுனியாவிலிருந்து வந்து, கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஆறு வருடங்கள் மெஷினில் இருந்தவள். இப்போது என்னோடு தங்கி, வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறாள். அவள் விடுதி அறையில் ஒரு கட்டிலை இரண்டு பேர் முறைவைத்துப் பாவித்ததைப் பார்த்த நாளிலிருந்து, மலிவான உடுப்பின் விலைச்சீட்டு என் கண்ணுக்கு வேறு விதமாகத்தான் தெரிகிறது.

முதலாவது ரீசேர்ட், காலி வீதியில் இருக்கும் ஒரு பெரிய புடவைக்கடையில் வாங்கியது. விலை 2,650 ரூபாய். அட்டையில் பச்சை இலை, அதன் கீழே ‘ஓர்கானிக்’ என்ற சொல். அதற்கு மேல் ஒன்றுமில்லை. யார் சான்று கொடுத்தார்கள் என்று கேட்டபோது, விற்பனைப் பையன் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எக்ஸ்போர்ட் தரம், மிஸ்” என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் அன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்றுதான் அதை எடுத்தேன்.

இரண்டாவது, புறக்கோட்டையில் ஏற்றுமதிக்கு மிஞ்சிய உடுப்பு விற்கும் ஒரு சிறு கடையில் வாங்கியது. விலை 1,150 ரூபாய். கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கம்பனியின் பெயர் தெரியாதபடி கழுத்து லேபலைக் குறுக்கே வெட்டிவிடுவார்கள். என் ரீசேர்ட்டில் பக்கத் தையலோடு இருந்த சிறு லேபலையும் வெட்டியிருந்தார்கள். மிஞ்சிய பாதியில் ‘100% ஓர்கானிக்’ என்பது மட்டும் தெரிந்தது. யாருடைய சான்று, எந்த ஆலை என்ற பாதி கத்தரிக்கோலோடு போய்விட்டது.

மூன்றாவதை வாங்கியது பம்பலப்பிட்டியில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் முன்னறையில் இரண்டு பெண்கள் நடத்தும் கடையில். விலை 4,400 ரூபாய். சொல்லும்போதே மனம் கொஞ்சம் பின்வாங்குகிற விலை. ஆனால் லேபலில் கொட்ஸ் (GOTS) என்ற சர்வதேச ஓர்கானிக் துணிச் சான்றின் முத்திரை இருந்தது. அதன் கீழே சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர், அதற்கும் கீழே ஓர் உரிம இலக்கம். கடைக்காரப் பெண் நான் கேட்பதற்கு முன்பே தன் கைபேசியில் கொட்ஸ் இணையத்தளத்தைத் திறந்து, “இலக்கத்தை நீங்களே அடித்துப் பாருங்கள், அக்கா” என்று நீட்டினார். அடித்தேன். திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஆலையின் பெயர் வந்தது. கழுத்தில் இருந்த பெயரும் அதுதான்.

இந்த முத்திரைகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கொட்ஸ் முத்திரையோடு ‘ஓர்கானிக்’ என்று மட்டும் போடுவதற்குக் குறைந்தது 95 வீதம் ஓர்கானிக் நார் இருக்கவேண்டும். ‘ஓர்கானிக் நாரைக் கொண்டு செய்தது’ என்று போட 70 வீதம் போதும். நூற்பது முதல் தைப்பது வரை ஒவ்வொரு கட்டமும் அதன் கண்காணிப்புக்குள் வருகிறது. குளோரின் கொண்டு வெளுக்க முடியாது, சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கவேண்டும், சிறுவர்களையும் கட்டாய உழைப்பையும் பயன்படுத்த முடியாது, தொழிலாளர் சங்கம் சேர்வதைத் தடுக்க முடியாது. ஓ.சி.எஸ் என்ற சான்று இதிலிருந்து வேறுபட்டது. அது ஓர்கானிக் நார் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பின்தொடர்கிறது. சாயத்தையோ தைத்தவரையோ பற்றி அது பேசாது. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 துணியில் தீங்கான பொருள் தங்கியிருக்கிறதா என்று சோதிக்கிறது. சாதாரணப் பருத்திக்கும் பொலியெஸ்டருக்கும்கூட அது கிடைக்கும். கைக்குழந்தைக்கு வாங்குகிறவருக்கு அது பயனுள்ள சான்றுதான், ஆனால் அதை ஓர்கானிக் என்று விற்பது பொய்.

நம் நாட்டில் இந்தச் சொல்லுக்கே ஒரு கசப்பு ஏறியிருக்கிறது. 2021 இல் இரசாயன உரத்தைத் திடீரென்று தடைசெய்தபோது வயலில் நின்றவர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. ஓர்கானிக்குக்கு நாம் சொல்லும் ‘சேதனம்’ என்ற சொல்லைக் கேட்டாலே என் அப்பா இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்கு நான் சொன்னது இதுதான்: உழுபவனுக்கு அவகாசம் கொடுக்காமல் மேலிருந்து இறக்கியது ஓர் உத்தரவு. சான்று பெறும் பருத்தி நிலமோ வருடக்கணக்கில் மாறுகிறது. அந்த இடைக்காலத்தில் விளைந்ததை ஓர்கானிக் என்று விற்கவும் முடியாது. அந்த விவசாயி காத்திருந்த காலத்துக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

வாங்கி வந்த அன்று மூன்றையும் மேசையில் விரித்து, எது எங்கே வாங்கியது என்று சொல்லாமல், தங்கையைக் கூப்பிட்டேன். அவள் நிறத்தையோ மென்மையையோ பார்க்கவில்லை. முதலில் உட்பக்கத்தை வெளியே திருப்பினாள். தோள் தையலின் மேல் நாடா வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவினாள். நாடா இல்லாவிட்டால் தோள் இழுபட்டுக் கை நீளும். பிறகு கழுத்துப்பட்டியை இரண்டு கையாலும் இழுத்து விட்டாள். முதலாவது மெதுவாகத் திரும்பியது. மற்ற இரண்டும் சட்டென்று சுருங்கின. கடைசியாக ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, பக்கத் தையல்கள் ஒன்றின்மேல் ஒன்று வருகின்றனவா என்று பார்த்தாள். முதலாவதில் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது.

“இதைத் துவைத்தால் முறுக்கும், அக்கா. துணியை ஆறவிடாமல் வெட்டியிருக்கிறார்கள்.”

சுருளிலிருந்து எடுத்த பின்னல் துணியை ஒரு நாளாவது விரித்துப் போட்டு இளகவிடவேண்டுமாம். அவசரத்தில் இழுத்து விரித்து வெட்டினால், முதல் தண்ணீர் பட்டதும் துணி தன் பழைய இடத்துக்குத் திரும்பும், தையலும் அதோடு திரும்பும். மூன்றாவது சலவையில் அப்படியே நடந்தது. இடது பக்கத் தையல் தொப்புளை நோக்கி நகர்ந்துவிட்டது. ஆறாம் மாதத்தில் கழுத்து அலைபாய்ந்தது. இப்போது அது தரை துடைக்கிறது.

தையலில் முதலிடம் எதற்கு என்று கேட்டேன். தயங்காமல் இரண்டாவதை எடுத்தாள், புறக்கோட்டை ரீசேர்ட்டை. “இது நல்ல லைனில் ஓடியது. இந்த ஓவர்லொக்கைப் பாருங்கள், ஒரு நூல் தவறவில்லை.” கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். “இப்படித் தைத்த நாட்களில்தான் நாங்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். கழிவறைக்குப் போனால் டார்கெட் போய்விடும்.”

அந்த வாக்கியத்துக்குப் பிறகு தையலை மட்டும் வைத்து ஓர் உடுப்புக்கு மதிப்பெண் போட என்னால் முடியவில்லை. நல்ல தையல், தைத்தவள் நன்றாக இருந்தாள் என்பதற்குச் சாட்சி ஆகாது. இரண்டாவது ரீசேர்ட் பத்து மாதத்தில் கொஞ்சமும் தளரவில்லை. கொடுத்த காசுக்கு மூன்றில் அதுதான் அதிகம் உழைத்தது. வீணாகப் போகவிருந்த உடுப்பை உடுத்துவது நல்ல காரியம் என்றே இன்னும் நினைக்கிறேன், வசதி குறைந்தவர்களுக்குத் தயங்காமல் அதையே சொல்வேன். ஆனால் லேபலை வெட்டியபோது கேள்வி கேட்கும் வழியையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள்.

மூன்றாவதன் துணியைச் சொல்லவேண்டும். அது பளிச்சென்ற வெள்ளை இல்லை, தேங்காய்ப்பால் நிறம். வெளிச்சத்தில் பிடித்தால் அங்கங்கே எள்ளில் பாதி அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். முதலில் கறை என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். பருத்தி விதைத் தோலின் துணுக்குகள் அவை. வெளுக்காத துணியில் தங்கிவிடுகின்றன. சலவைக்குச் சலவை துணி மென்மையாகிறது. நண்பகல் பஸ்ஸில் முதுகில் ஒட்டுவதில்லை. தையல் அசையவில்லை.

குறைகளும் இருக்கின்றன. அதே கடையில் வாங்கிய கறுப்பு ரீசேர்ட் நான்கு மாதத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. பெண்களுக்குப் பெரிய அளவுகள் கிடைப்பது அரிது. ஆண்களின் உள்பெனியன் வருவதாகச் சொல்லி மூன்று மாதம் காக்கவைத்தார்கள்.

சான்றும் கடவுள் வாக்கு கிடையாது. 2020 இல் இந்தியாவில் போலிச் சான்றிதழ்களைக் கொண்டு 20,000 தொன் பருத்தியை ஓர்கானிக் என்று காட்டியிருந்ததைக் கொட்ஸ் அமைப்பே வெளியிட்டது. வாழ்க்கைச் செலவுக்குப் போதுமான கூலிக்கும் தாங்கள் கொடுக்கும் கூலிக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஆலைகள் கணக்கிடவேண்டும் என்கிறது அதன் விதி. அந்த இடைவெளியை உடனே அடைத்தாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஆய்வையும் முழுதாக நம்ப முடியாது என்றாள் தங்கை: அவளுடைய தொழிற்சாலைக்கு ஆய்வுக்கு வருவார்கள் என்றால் முதல் நாளே தெரியுமாம், அன்று மட்டும் கழிவறையில் சவர்க்காரம் இருக்குமாம்.

இருந்தும் நான் இலக்கத்தின் பக்கம் நிற்கிறேன். திருப்பூர் என்றதும் எனக்கு நொய்யல் ஆறு நினைவுக்கு வருகிறது. சாயக் கழிவால் அந்த ஆறு கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனது. பெயரும் இலக்கமும் இருந்தால்தான் எந்தப் பட்டறை, யாருடைய கழிவு என்று கேட்க முடியும். போலிச் சான்றிதழைப் பிடிப்பதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவேடு வேண்டும். பச்சை இலைப் படத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் எதைக் கேட்பது?

கடைகளின் பெயரை எழுதவில்லை. அடுத்த முறை அதே தட்டில் வேறு ஆலையின் சரக்கு இருக்கும், அப்போது என் வார்த்தைக்கு மதிப்பிருக்காது. எந்தக் கடையிலும் உட்பக்கத்தைத் திருப்பி, தோள் நாடாவைத் தடவி, உரிம இலக்கத்தை அடித்துப் பாருங்கள். மூன்று நிமிடம் பிடிக்கும். பம்பலப்பிட்டிச் சரக்கை வாங்கினால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள், முதல் சலவையில் நீளம் ஓர் அங்குலம் குறைகிறது. கறுப்பை நிழலில், உட்பக்கம் வெளியே தெரியக் காயப்போடுங்கள். தைப்பொங்கலுக்கு அப்பாவுக்கென்று உள்பெனியன் இரண்டு சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் தங்கை திருப்பிப் பார்ப்பாள்.