காஜியா கிளாசிக்: நல்ல மெஷின், சத்தத்தை மட்டும் அடக்க வேண்டும்

வீட்டு எஸ்பிரெசோ மெஷின்களில் காஜியா கிளாசிக் தாராளமாகப் பரிந்துரைக்கக்கூடியது. 58 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (காபித்தூள் போட்டு மெஷினில் பூட்டும் கைப்பிடி), ஸ்டீல் உடம்பு, ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். ஒரே பெரிய குறை அதன் சத்தம். விடிகாலையில் சுவிட்சைத் தட்டினால் பக்கத்து அறையில் தூங்குபவர் விழித்துக்கொள்வார்.

உள்ளே இருப்பது வைப்ரேட்டரி பம்ப். காயிலுக்கு (மின்கம்பிச் சுருளுக்கு) நடுவே சின்ன பிஸ்டன் ஒன்று, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அடிக்கிறது. அந்த உறுமல் போகாது. ஆனால் அதோடு சேர்ந்து ஆடும் தகடு, ட்ரே, குழாய், கிச்சன் மேடை எல்லாவற்றையும் அடக்கலாம். பாதி எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் எது ஆடுகிறது என்று பாருங்கள். டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, பத்து நொடி பம்பை ஓட்டி, மேல்தட்டு, பக்கத் தகடு, டிரிப் ட்ரே என ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் வேலை. மேலே அடுக்கிய கப்புகளை எடுத்துவிட்டுச் சோதிக்கவும். பல வீடுகளில் கடகடப்புக்குக் காரணம் அவைதான்.

டிரிப் ட்ரேயும் அதன் கம்பித்தட்டும் தொடும் இடங்களில் 2 மி.மீ. சிலிக்கான் துண்டுகளை வைத்தால் போதும். டேங்குக்குள் தொங்கும் இரண்டு சிலிக்கான் குழாய்களும் சுவரில் உரசாமல் இருக்க வேண்டும். உறிஞ்சும் குழாயின் வாய் டேங்கின் அடியில் ஒட்டிக்கொண்டால் தண்ணீர் ஏறாது, சத்தமும் கூடும்.

அடுத்தது பம்பைத் தாங்கும் ரப்பர்கள். பிளக்கைப் பிடுங்கி, மெஷின் நன்றாக ஆறிய பிறகு, பின்பக்கம் உள்ள இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மேல்மூடி வந்துவிடும். பம்பின் இரு முனைகளிலும் உள்ள ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் கல் போல இருந்தால் மாற்றிவிடுங்கள். மற்ற எந்தச் செலவையும்விட இதில்தான் பலன் அதிகம். பம்ப் அந்த ரப்பர்களில் மிதக்க வேண்டும். அதிலிருந்து கிளம்பும் கெட்டிக் குழாயோ வயரோ தகட்டைத் தொட்டால், ரப்பர் புதிதாக இருந்தும் அதிர்வு அந்த வழியாக உடம்புக்குப் போய்விடும். கேபிள் டை போட்டு விலக்கிக் கட்டுங்கள். பம்பைச் சுற்றி நுரை திணிக்கும் யோசனை மட்டும் வேண்டாம். காயில் சூடாகும், காற்று படாவிட்டால் பம்ப் நடுவிலேயே நின்றுவிடும்.

தகடு அதிர்ந்தால், கார் கதவுக்குள் ஒட்டும் 2 மி.மீ. பியூட்டைல் ஷீட் நல்ல தேர்வு. முழுவதும் மூட வேண்டியதில்லை. தகட்டின் நடுவே 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று, அழுத்தி ஒட்டினால் போதும். தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்பது ‘டொக்’ ஆக மாறியிருக்கும். பாய்லர் பக்கம் ஒட்டக் கூடாது, சூட்டில் இளகி வழியும். ஷீட்டின் மேல் முகம் அலுமினியம் என்பதால் மின் இணைப்புகளிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

காலடிப் பட்டைகள் விஷயத்தில் விளம்பரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மெஷினின் எடை நான்கு காலுக்கும் பிரிந்தால் காலுக்குச் சுமார் இரண்டு கிலோதான். வாஷிங் மெஷினுக்கான கெட்டி ரப்பர் அந்த எடைக்கு அமுங்காது, எனவே பயனும் இல்லை. மிக மெத்தென்ற நுரையோ, போர்ட்டாஃபில்டரைத் திருகிப் பூட்டும்போது மெஷினையே நகர விடும். நடுத்தர மென்மையுள்ள சிலிக்கான் பட்டை அல்லது சார்போத்தேன் என்ற அதிர்வு உறிஞ்சும் பொருளாலான பட்டை சரியாக இருக்கும். கிரானைட் மேடையில் மெஷின் சுவரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி நிற்கட்டும். எவர்சில்வர் டம்ளர் ஸ்டாண்டையும் அந்த மேடையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் திடீரென்று சத்தம் கூடினால், பம்புக்குள் காற்று புகுந்திருக்கலாம். ஸ்டீம் குமிழைத் திறந்து, காபி சுவிட்சைப் போட்டு, ஸ்டீம் குழாயில் தண்ணீர் சீராக வரும்வரை ஓட்டுங்கள். டேங்க் காலியாக இருக்கும்போது ஓட்டுவது பம்பையே கெடுக்கும். ஷாட் (ஒரு தடவை எஸ்பிரெசோ இறக்குவது) முடிந்ததும் கேட்கும் ‘புஸ்’ கோளாறு அல்ல, சாலினாய்டு வால்வ் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வ்) மிச்ச அழுத்தத்தை ட்ரேயில் விடும் ஒலி.

கைக்குழந்தை தூங்கும் வீட்டுக்கு இதுவும் போதாது என்றால், பம்பே இல்லாத கேஃபலாட் ரோபாட் போன்ற கைநெம்பு மெஷினைப் பாருங்கள். அதோடு காபிக்கொட்டை அரைக்கும் கை கிரைண்டரும் வேண்டும். மின்சார காபி கிரைண்டர் போடும் சத்தம் பெரும்பாலும் இந்தப் பம்பைவிட அதிகம்.