சிப் போனாலும் வீடியோ போகக்கூடாது: க்ரூஷியல் எம்எக்ஸ்500 (1 டிபி)

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் மெமரி சிப்பில் டேட்டாவை வைக்கும் டிரைவ், வாங்க வருகிறவர்கள் வேகம் கேட்கிறார்கள், விலை கேட்கிறார்கள். உள்ளே இருக்கிற மெமரி சிப்பில் ஒரு பகுதி கெட்டுப்போனால் டிரைவ் என்ன பண்ணும் என்று யாரும் கேட்பதில்லை. நான் க்ரூஷியல் எம்எக்ஸ்500 எடுத்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் என் எடிட்டிங் ரூமில் சில வருஷமாக ஓடுகிறது. கல்யாண வீடியோ வேலைக்கு இதை நம்பி வாங்கலாம். ஆனால் எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இதற்கு முன்னால் இருந்தது வேறொரு மலிவு டிரைவ், பேர் வேண்டாம். தண்டையார்பேட்டை பார்ட்டி ஒருத்தரின் ரிசப்ஷன் ஃபைல்களை அதிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும்போது காப்பி பாதியில் நின்றுவிட்டது. ஃபோல்டர் திறக்கிறது, ஃபைல் பேரெல்லாம் தெரிகிறது, இரண்டு கிளிப் மட்டும் படிக்கவே மாட்டேன் என்கிறது. அதில் ஒன்று பெண்ணின் தாத்தா மைக்கைப் பிடித்து வாழ்த்திப் பேசியது. ரிசப்ஷன் முடிந்து கொஞ்ச நாளில் அவர் தவறிவிட்டார். "தம்பி, அப்பா குரல் வேற எங்கயும் இல்லப்பா" என்று பெண்ணின் அம்மா போனில் சொன்னார். டெலிவரி முடியும் வரை கேமரா கார்டை அழிப்பதில்லை என்பது என் வழக்கம், அதனால் அந்தக் குரல் பிழைத்தது. ஆனால் டிரைவ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு ஃபைல் மட்டும் எப்படிப் போகும் என்பது என்னை விடவில்லை.

தேடிப் படித்ததில் புரிந்தது இது. இப்போது நாம் வாங்கும் எஸ்எஸ்டிகளில் பெரும்பாலானவை டிஎல்சி வகை. ஒரு செல்லில் மூன்று பிட், அதாவது எட்டு அளவு மின்னூட்டத்தை அந்தக் குட்டி செல் பிரித்துக் காட்ட வேண்டும். எழுதி அழிக்க அழிக்க செல் தேயும். சும்மா இருந்தாலும் மின்னூட்டம் மெதுவாகக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. அங்கங்கே சில பிட்டுகள் தப்பினால் ஈசிசி என்கிற பிழைதிருத்தம் சரிபண்ணிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒரு பக்கமோ ஒரு பிளாக்கோ மொத்தமாகப் படுத்துவிட்டால் ஈசிசியால் ஒன்றும் ஆகாது.

அந்த இடத்துக்குத்தான் எம்எக்ஸ்500-இல் 'ரெய்ன்' (RAIN) இருக்கிறது. க்ரூஷியலின் தாய்க் கம்பெனி மைக்ரான் வைத்த பேர். டேட்டாவைப் பல பகுதிகளில் பிரித்து எழுதும்போது, அவற்றிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு மதிப்பையும், அதாவது பேரிட்டியையும், சேர்த்து எழுதிவைக்கும். சீட்டுக் கணக்கு நோட்டில் பத்துப் பேர் கட்டிய தொகையும் கீழே மொத்தமும் இருக்கிறது, ஒரு வரியில் மட்டும் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது என்றால், மொத்தத்திலிருந்து மற்ற ஒன்பதைக் கழித்து அந்தத் தொகையைக் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா, அதே வேலைதான். இரண்டு வரி அழிந்தால் முடியாது என்பதும் அதேபோல. இதற்கு இடம் செலவாகும். 2013-இல் வந்த பழைய எம்500 டிரைவ்கள் 512, 1024 என்று வராமல் 480, 960 ஜிபி என்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இந்த வேலை நடந்ததா என்று கண்ணால் பார்க்க முடிவதுதான். டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேர் இலவசம், போட்டுப் பாருங்கள். டி2 (D2) என்ற வரிசை, ரெய்ன் எத்தனை முறை டேட்டாவை மீட்டது என்ற எண்ணிக்கை. 05 என்பது கெட்டு ஒதுக்கப்பட்ட பிளாக்குகள், பி4 (B4) இன்னும் கையிருப்பில் உள்ள பிளாக்குகள், சிஏ (CA) மீதி ஆயுள், அதை மட்டும் Current என்ற பத்தியில் பாருங்கள். Raw பத்தியில் எண்கள் முதலில் ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) தெரியும், மெனுவில் நமது வழக்கமான டெசிமலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் பிறந்தால் நான் பார்க்கிற முதல் வேலை இது. என் டிரைவில் டி2 இன்னும் சைபர்தான். அது ஏற ஆரம்பித்தால் அன்றைக்கே புது டிரைவுக்கு மாறிவிடுவேன், அடுத்த கல்யாணத்துக்குக் காத்திருக்க மாட்டேன்.

ஆயுள் பற்றிக் கவலையே வேண்டாம். 1 டிபி மாடலுக்கு 360 டிபி எழுத்து அளவு (மொத்தமாக அவ்வளவு டேட்டா எழுதலாம் என்று கம்பெனி சொல்லும் அளவு), ஐந்து வருஷ வாரண்டி. ஒரு கல்யாணத்துக்கு 300 ஜிபி என்று வைத்தாலும் 1200 கல்யாணம். சாட்டா டிரைவ் என்பதால் படிக்கும் வேகம் நொடிக்கு 560 எம்பிக்கு மேல் போகாது. என் டைம்லைனுக்கு அது போதும்.

இனி, ரெய்ன் காப்பாற்றாத இடங்கள். டிரைவை நடத்தும் கன்ட்ரோலர் சிப் செத்தால் எல்லாம் போச்சு. இந்த டிரைவ் உள்ளே எழுதுவதையெல்லாம் ஏஇஎஸ் 256-பிட்டில் பூட்டித்தான் எழுதுகிறது, அதனால் சிப்பைப் பிடுங்கி வேறு மெஷினில் படித்தாலும் குப்பைதான் வரும். ஹார்ட் டிஸ்க்கில் ஹெட்டை மாற்றி மீட்பதுபோல இங்கே முடியாது. கரண்ட் கட்டில் ஏற்கெனவே எழுதி முடித்த டேட்டாவைக் காக்க ஏற்பாடு இருக்கிறது, அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்ததற்கு இல்லை. எங்கள் தெருவில் யுபிஎஸ் இல்லாமல் ரெண்டர் போடவே கூடாது. அப்புறம், முடிந்த வேலையை எஸ்எஸ்டியில் போட்டு பீரோவில் பூட்டி வைக்கிறவர்கள் நிறையப் பேர். மெமரி சிப்களுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை வீட்டு டிரைவ்களுக்குக் கேட்பதே, எழுத்து அளவு தீர்ந்த நிலையில் 30 டிகிரியில் கரண்ட் இல்லாமல் ஒரு வருஷம் டேட்டா நிற்க வேண்டும் என்பதுதான். ஷீட் போட்ட மாடி ரூமில் மே மாசம் 30 டிகிரி எங்கே இருக்கிறது? பழைய வேலைகளை ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

அந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே ரூமில் இருந்தால் பிரயோஜனம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. என் இரண்டாவது காப்பி மாதவரத்தில் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் இதைக் கேட்டபோது ஒரு கடைப் பையன், "அண்ணே, எல்லாம் ஒரே சிப்தான், ஸ்டிக்கர்தான் வேற" என்றான். அது உண்மை இல்லை. ரெய்ன் போன்ற பேரிட்டி பாதுகாப்பு உண்டா என்று தயாரிப்பாளரின் மாடல் பக்கத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

க்ரூஷியல் பேரில் நுகர்வோர் விற்பனையை நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது, வாரண்டி சேவை தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. கடையில் சீல் உடையாத பெட்டி கிடைத்தால் எடுங்கள். டிரைவின் மேல் இருக்கும் சீரியல் நம்பரை ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் சிஏ வரிசையின் Current பத்தி 100 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஃபைலை ஏற்றுங்கள்.