எண்ணுவதா, ஓட்டிப் பார்ப்பதா, சராசரியைக் கூட்டுவதா? நிகழ்தகவுக் கணக்குக்கு மூன்று வழிகள்

கணினி படிக்கும் மாணவரிடம் ஒரு நிகழ்தகவுக் கணக்கைக் கொடுத்துவிட்டு, அவர் கை எங்கே போகிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். சிலர் பேனாவை எடுத்து வரிசைமாற்றம், சேர்வு என்று எண்ணத் தொடங்குவார்கள். சிலர் லேப்டாப்பைத் திறந்து, ஒரு லூப் எழுதி, லட்சம் முறை ஓட்டி விடை சொல்வார்கள். வெகு சிலர் மட்டும் கணக்கைத் துண்டு துண்டாக உடைத்து ஒவ்வொரு துண்டின் சராசரியையும் கூட்டுவார்கள். இந்த மூன்றில் எது எங்கே உதவும், எது எங்கே காலை வாரும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். மூன்றும் சமம் என்று நான் சொல்லப்போவதில்லை. கணினி மாணவர்கள் படிக்கும் தனிநிலைக் கணிதப் (discrete mathematics) பாடத்தில் மூன்றாவது வழிக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு, அது மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய கணக்கு ஒன்றிலிருந்தே தொடங்கலாம். 1654-இல் கணிதர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட காலத்தில் சூதாட்டக்காரர்களிடையே உலவிய ஐயம் இது. ஒரு பகடையை 4 முறை உருட்டினால் ஒரு முறையாவது 6 விழுமா? இரண்டு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டினால் ஒரு முறையாவது இரண்டிலும் 6 விழுமா? 4/6-உம் 24/36-உம் ஒன்றுதானே, ஆகவே இரண்டு பந்தயமும் ஒன்றுதான் என்பது சூதாடியின் வாதம்.

எண்ணும் வழியில் இது இரண்டே வரி. விழாமல் போவதற்கான வாய்ப்பைக் கண்டு ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். முதல் பந்தயம் 1 − (5/6)⁴, அதாவது ஏறத்தாழ 0.5177. இரண்டாவது 1 − (35/36)²⁴, ஏறத்தாழ 0.4914. ஒன்று பாதிக்கு மேல், மற்றது பாதிக்குக் கீழ். நெடுநேரம் ஆடுபவருக்கு முதலாவது லாபம், இரண்டாவது நட்டம்.

இதையே சிமுலேஷனில், அதாவது கணினியில் ஓட்டிப் பார்க்கும் வழியில் பார்ப்போம். இரண்டாவது பந்தயத்தை 1000 முறை ஓட்டினால் விடையில் இருக்கும் திட்டப் பிழை (உண்மை மதிப்பிலிருந்து விடை வழக்கமாக விலகும் அளவு) சுமார் 0.016. அதாவது 0.46 என்றும் வரலாம், 0.52 என்றும் வரலாம். பாதிக்கு மேலா கீழா என்ற கேள்விக்கே அது பதில் சொல்லாது. 10,000 முறை ஓட்டினால் பிழை 0.005 ஆகக் குறையும். அப்போதும் 0.50 என்று வந்தால் வியப்பில்லை. லட்சம் முறை ஓட்டிய பிறகுதான் நம்பிக்கையோடு 'பாதிக்குக் கீழ்' என்று சொல்ல முடியும். பிழையைப் பத்தில் ஒரு பங்காக்க, ஓட்டத்தை நூறு மடங்காக்க வேண்டும். சிமுலேஷன் எழுதும் மாணவர்களில் பலர் மறப்பது இதைத்தான்: 1000 முறை ஓட்டிவிட்டு நான்கு தசம இலக்கம் எழுதுகிறார்கள்.

சரி, சூதாடி எங்கே தவறினார்? 4/6 என்பது பிழையான எண் அல்ல. 4 முறை உருட்டினால் சராசரியாக எத்தனை 6 விழும் என்பதற்கான சரியான விடை அது. 24/36-உம் அப்படியே. சராசரி இரண்டிலும் ஒன்றுதான், மூன்றில் இரண்டு. ஆனால் 'சராசரியாக எத்தனை முறை' என்பது ஒரு கேள்வி, 'ஒரு முறையாவது நடக்குமா' என்பது இன்னொரு கேள்வி. 4 உருட்டல்களில் இரண்டு மூன்று ஆறுகள் சேர்ந்து விழும் ஆட்டங்களும் உண்டு, அவை சராசரியை ஏற்றிவிடுகின்றன. மூன்றாவது வழியின் பலமும் ஆபத்தும் இந்த ஒரு கணக்கிலேயே இருக்கின்றன. சூதாடி எதிர்பார்ப்பு மதிப்பை, அதாவது அந்தச் சராசரியை, சரியாகக் கண்டுபிடித்து, அதற்கு நிகழ்தகவு என்று தவறான பெயர் வைத்துவிட்டார்.

எண்ணுவது எங்கே வெல்கிறது

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து எண்களைப் போடுவதை நான் எண்ணுதல் என்று சொல்லவில்லை. ஒரு கணத்தில் (set) எத்தனை உறுப்புகள் என்று பார்த்த மாத்திரத்தில், புரோகிராமை ஓட்டாமலேயே அதில் பிழை இருக்கிறது என்று சொல்லிவிடும் கலை அது. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, சீட்டுக் கலைக்கும் புரோகிராம்.

முதல்முறை எழுதும் எல்லோரும் கிட்டத்தட்ட இப்படித்தான் எழுதுவார்கள்: ஒவ்வொரு இடத்திலும் உள்ள சீட்டை, மொத்த இடங்களில் சமவாய்ப்பில் எடுத்த ஓர் இடத்தோடு மாற்று. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. 3 சீட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 3 தேர்வு, மூன்று படி, ஆக 27 பாதைகள், எல்லாம் சமவாய்ப்பு. இந்த 27 பாதைகளும் 3! = 3 × 2 × 1 = 6 வரிசைகளில் போய்ச் சேர வேண்டும். 27-ஐ 6 ஆல் வகுத்தால் மீதி வரும். அவ்வளவுதான், கலைப்பு ஒருதலைப்பட்சமானது என்று நிரூபணம் ஆகிவிட்டது. முழுதாக எண்ணினால் மூன்று வரிசைகளுக்கு 5 பாதைகளும் மற்ற மூன்றுக்கு 4 பாதைகளும் வருகின்றன.

இது 3 சீட்டுக்கு மட்டும் உரிய விபத்து அல்ல. சீட்டுகள் எத்தனை இருந்தாலும், அந்த எண்ணுக்கும் அதற்கு ஒன்று குறைந்த எண்ணுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. காரணீயப் பெருக்கத்துக்குள் (3! போன்றது) அந்த ஒன்று குறைந்த எண் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் பாதைகளின் எண்ணிக்கை மூல எண்ணின் அடுக்கு மட்டுமே. ஆகவே 3 அல்லது அதற்கு மேற்பட்ட எந்த எண்ணிக்கைக்கும் அது வகுபடாது. எண்ணியலும் சேர்ப்பியலும் ஒரே வரியில் கைகோக்கும் இந்த வாதத்தை முதன்முதலில் பார்த்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் தீரவில்லை.

சிமுலேஷனும் 3 சீட்டில் இதைப் பிடித்துவிடும். 60,000 முறை ஓட்டினால் ஒரு வரிசை 10,000 முறைக்குப் பதிலாக ஏறத்தாழ 11,100 முறையோ 8,900 முறையோ வரும், கண்ணுக்கே தெரியும். ஆனால் 52 சீட்டுக்கு ஏறத்தாழ 8 × 10⁶⁷ வரிசைகள். எந்தக் கணினியில் எத்தனை நாள் ஓட்டினாலும் ஒவ்வொரு வரிசையும் எத்தனை முறை வந்தது என்று பட்டியல் போட முடியாது. எண்ணும் வாதத்துக்கு 3 சீட்டும் 52 சீட்டும் ஒரே வேலைதான்.

திருத்தம் எளிது: இன்னும் கலைக்கப்படாத இடங்களுக்குள் மட்டும் தேர்ந்தெடு. புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்சும் 1938-இல் தாளில் செய்வதற்காகத் தந்த முறையை, 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் கணினிக்கு ஏற்றபடி மாற்றினார். இதில் பாதைகளின் எண்ணிக்கையே 3 × 2 × 1. ஆனால் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சமவாய்ப்பு எண்ணைத் தரும் நிரலை 32 பிட் விதையிலிருந்து (தொடக்க எண்ணிலிருந்து) தொடங்கினால், அது தரக்கூடிய கலைப்புகள் அதிகபட்சம் 2³², அதாவது 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். 13 சீட்டுகளின் வரிசைகளோ 622 கோடியைத் தாண்டிவிடும். முறை சரியாக இருந்தும், 13 சீட்டின் சில வரிசைகள் ஒருபோதும் வரவே வராது.

சராசரியைக் கூட்டுவது

எண்ணும் வழி திணறும் இடம் ஒன்று. ஒரு வகுப்பின் விடைத்தாள்களைக் கலைத்து ஆளுக்கு ஒன்றாகத் திருப்பிக் கொடுக்கிறோம். தன் தாளே தன் கைக்கு வந்தவர்கள் சராசரியாக எத்தனை பேர்? எண்ணப் புகுந்தால், சரியாக ஒருவருக்கு வந்த வரிசைகள், இருவருக்கு வந்த வரிசைகள் என்று சேர்த்தல்–நீக்கல் விதியில் பக்கம் பக்கமாகப் போகும்.

மூன்றாவது வழியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு சுட்டு மாறி வைக்கிறோம். தன் தாள் வந்தால் 1, இல்லையென்றால் 0. 40 பேர் என்றால் ஒவ்வொரு மாறியின் சராசரியும் 1/40. நாற்பதையும் கூட்டினால் 1. 400 பேர் இருந்தாலும் 1தான். மாறிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன: 39 பேருக்குத் தம் தாள் வந்துவிட்டால் நாற்பதாவது ஆளுக்கும் வந்தே தீரும். ஆனாலும் கூட்டலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நிகழ்தகவுகளைப் பெருக்கும்போதெல்லாம் 'இவை சார்பற்றவையா?' என்று பதற வேண்டியிருக்கிறது, சராசரிகளைக் கூட்டும்போது அந்தப் பதற்றமே தேவையில்லை. நான் படித்தபோது இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்தே அதன் அருமை புரிந்தது.

இதே கருவியால் குவிக்சார்ட்டின் ஓட்ட நேரம், அதாவது அது செய்யும் ஒப்பீடுகளின் எண்ணிக்கை, கிடைத்துவிடுகிறது. குவிக்சார்ட் எண்களை வரிசைப்படுத்தும் முறை: சமவாய்ப்பில் ஒரு எண்ணைப் பிவட் ஆக எடுத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுச் சிறியவை, பெரியவை என்று இரு பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்திலும் அதையே திரும்பச் செய்யும். வரிசைப்படுத்திய பிறகு இரண்டு எண்கள் எந்தெந்த இடத்தில் நிற்கும் என்று பாருங்கள். அவ்விரண்டும், இடையில் உள்ளவையும் சேர்ந்த கூட்டத்தில் முதலில் பிவட் ஆக எடுபடுவது இரு ஓரங்களில் ஒன்று என்றால் மட்டுமே அவை ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். நடுவில் உள்ள ஏதாவது ஒன்று முந்திக்கொண்டால் இரண்டும் வெவ்வேறு பக்கம் பிரிந்துவிடும், பிறகு சந்திப்பே இல்லை. ஆகவே வாய்ப்பு, 2-ஐ அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையால் வகுத்தது. எல்லா ஜோடிகளுக்கும் கூட்டினால் முடிந்தது. 1000 எண்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 10,986 ஒப்பீடுகள், மோசமான நிலையில் 4,99,500. இதை எண்ணும் வழியில் 1000! வரிசைகள் மேல் போட்டுப் பார்க்க யாருக்கும் துணிவு வராது.

சராசரி நிகழ்தகவைத் தராது என்று மேலே பார்த்தோம். ஆனால் ஒரு மேல்வரம்பைத் தரும்: ஒரு முறையாவது நடப்பதற்கான வாய்ப்பு, நடக்கும் தடவைகளின் சராசரியைத் தாண்டாது. ஒரு கூட்டத்தில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்குமா என்ற பிறந்தநாள் கணக்கில் இதைச் சோதிக்கலாம். 23 பேரில் 253 ஜோடிகள், ஒவ்வொரு ஜோடியும் ஒரே நாளில் பிறந்திருக்க 1/365, சராசரி 0.693. உண்மையான நிகழ்தகவு 0.507. இடைவெளி பெரிதுதான். தேர்வில் இந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்காது.

நிரல் எழுதும் வேலையிலோ நிலைமை வேறு. ஒரு லட்சம் கோப்புகளுக்குச் சமவாய்ப்பில் அடையாள எண் கொடுக்கிறோம், இரண்டு கோப்புக்கு ஒரே எண் வந்துவிடுமா? ஜோடிகள் ஏறத்தாழ 500 கோடி. 32 பிட் எண் என்றால் சராசரி மோதல்கள் ஒன்றைத் தாண்டுகின்றன, எண்ணிப் பார்த்தால் மோதல் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 69 சதவீதம். 64 பிட் என்றால் சராசரி ஏறத்தாழ 370 கோடியில் ஒன்று, நிகழ்தகவு அதற்கும் மேல் போகாது. மனக்கணக்காகவே முடிவெடுத்துவிடலாம். சிமுலேஷனில் இந்த மோதலை ஒரே ஒரு முறை பார்க்கவே, லட்சம் எண்களை உருவாக்கும் ஓட்டத்தைக் கோடிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். அரிதான நிகழ்ச்சிகளில் சிமுலேஷன் கண் தெரியாமல் நிற்கிறது.

அப்படியென்றால் ஓட்டிப் பார்ப்பது எதற்கு?

அதன் பிறப்பே இந்தக் கேள்விக்குப் பதில். 1946-இல் உடல்நலம் தேறிவந்த கணிதர் ஸ்டானிஸ்லாவ் உலாம், ஒற்றை ஆள் சீட்டாட்டம் ஒன்று வெற்றியில் முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று எண்ண முயன்றார். நெடுநேரம் போராடிய பிறகு, பேசாமல் நூறு முறை ஆடிப் பார்த்து வெற்றிகளை எண்ணலாமே என்று தோன்றியது. ஓட்டிப் பார்த்து விடை காணும் மான்டி கார்லோ முறை அங்கிருந்து வளர்ந்தது. 1949-இல் அவரும் மெட்ரோபொலிஸும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எண்ணவும் முடியாமல், துண்டுகளாக உடைத்துக் கூட்டவும் வழியில்லாமல் நிற்கும் கணக்குக்கு அது உண்மையான துணை.

தன் விடையைத் தானே சரிபார்க்கவும் அது உதவும். மூன்று கதவுக் கணக்கில் ஒரு கதவின் பின்னால் பரிசு இருக்கிறது; நாம் ஒன்றைத் தேர்ந்த பிறகு, பரிசு எங்கே என்று தெரிந்த நடத்துனர் மீதியில் பரிசில்லாத ஒன்றைத் திறந்துகாட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். கதவை மாற்றிக்கொள்வதே நல்லது என்று மாபெரும் கணிதர் பால் எர்டிஷ் கூட முதலில் ஏற்கவில்லை என்றும், கணினி சிமுலேஷனைப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார் என்றும் அவருடைய நண்பர் வாசோனி எழுதியிருக்கிறார்.

ஆனால் அதே கணக்கில் ஒரு மாணவரின் புரோகிராம் 2/3-க்குப் பதில் 1/2 தந்தது. கோட் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. மீதி இரண்டு கதவுகளில் ஒன்றை நடத்துனர் சமவாய்ப்பில் திறப்பார், பின்னால் பரிசு இருந்துவிட்டால் அந்தச் சுற்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரி கணக்கையே மாற்றிவிட்டது. பரிசு எங்கே என்று தெரிந்து திறக்கும் நடத்துனரும், தெரியாமல் திறந்து தற்செயலாகப் பரிசைத் தவிர்த்த நடத்துனரும் வேறு வேறு. இரண்டாமவருக்கு 1/2தான் சரி. மாணவருடைய சிமுலேஷன் பொய் சொல்லவில்லை, அவர் கேட்காத கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னது. நாங்கள் இருவரும் கூறுவெளியை, அதாவது நடக்கக்கூடிய எல்லா முடிவுகளின் பட்டியலை, தாளில் வரைந்து, விட்டுவிட்ட சுற்றுகளை அதில் குறித்தபோதுதான் எங்கே சறுக்கியது என்று தெரிந்தது. லட்சம் ஓட்டமும் கோடி ஓட்டமும் அதைக் காட்டியிருக்காது.

ஆகவே என் வரிசை இது. முதல் வாரங்களில் சிறிய கூறுவெளிகளைக் கையாலேயே எழுதி எண்ணுங்கள், 3 சீட்டு, 2 பகடை போதும், வாய்ப்பாடுகள் மெல்ல வரட்டும். அடுத்து, நிபந்தனை நிகழ்தகவுக்கும் முன்பே, சுட்டு மாறியையும் சராசரிக் கூட்டலையும் பழகுங்கள். பெரும்பாலான பாடத்திட்டங்கள் அதைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளுகின்றன. அல்காரிதம் பாடம் தொடங்கும் நாளில் தரவைச் சேமித்துத் தேட உதவும் ஹாஷ் டேபிளும் குவிக்சார்ட்டும் அதைத்தான் முதலில் கேட்கும். சிமுலேஷனை எப்போது வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் ஓட்டுவதற்கு முன் எதிர்பார்க்கும் விடையைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாளில் முதலில் புரோகிராமைத் திருத்தப் போகாதீர்கள். எந்தக் கூறுவெளியை ஓட்டினோம் என்று எழுதிப் பாருங்கள்.