முதுமை மாற்றிய பாடல்கள்: ஜானி கேஷின் 'அமெரிக்கன் 4'

ஆங்கிலப் பாடல்களில் நாட்டமுள்ள பலருக்கு அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் பாடிய 'ஹர்ட்' தெரிந்திருக்கும். அந்தப் பாடல் இடம்பெற்ற 'அமெரிக்கன் 4: த மேன் கம்ஸ் அரௌண்ட்' என்ற இசைத்தொகுப்பை முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல்வரை வரிசையாகக் கேட்டவர்கள் அந்த அளவுக்கு இல்லை. 2002 நவம்பரில், கேஷுக்கு 70 வயதானபோது வெளிவந்த இத்தொகுப்பில் 15 பாடல்கள் இருக்கின்றன. அவர் உயிரோடிருக்கையில் வெளியான கடைசித் தொகுப்பு இதுவே. பெரும்பாலானவை பிறர் எழுதிய பாடல்கள். சில மரபுவழி வந்தவை. மூன்றை மட்டுமே அவர் எழுதியிருக்கிறார், அவற்றிலும் இரண்டு அவரே முன்பு பதிவுசெய்தவற்றின் மறுபதிவுகள். நோயுற்ற ஒரு பெரியவர் விடைபெறுகிறார் என்று மட்டும் நினைத்து இதைக் கேட்பவர்கள், இதற்குள் நடந்திருக்கும் இசை வேலையைத் தவறவிடுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு பாடலில் பேசுகிறவர் யார் என்பதையே பாடகரின் வயதால் மாற்றிவிட முடியும். அப்படி மாறிய பாடல்களில் இத்தொகுப்புக்கு இணையாக எதையும் நான் கேட்டதில்லை. வயது வெறும் குரல் நடுக்கமாக மட்டும் வந்து நின்றுவிடும் பாடல்களில் இது சாதாரணமானதுதான்.

பின்னணி சுருக்கமாக. ஆர்கன்சா மாநிலத்தில் பருத்தி விளைவிக்கும் குடும்பத்தில் வளர்ந்து, 1955-இல் மெம்ஃபிஸின் சன் நிறுவனத்தில் முதல் தட்டை வெளியிட்டு, 1968-இல் ஃபோல்சம் சிறைக்குள் கைதிகள் முன்னிலையில் பாடிப் பதிவுசெய்த தொகுப்பால் பெரும்புகழ் பெற்ற கேஷை, சுமார் முப்பது ஆண்டுகள் அவரை வைத்திருந்த கொலம்பியா நிறுவனம் 1986-இல் கைவிட்டது. அடுத்த சில ஆண்டுகள் அவரை, அமெரிக்க நாட்டுப்புற இசையிலிருந்து வளர்ந்த கன்ட்ரி வகைப் பாடல்களை ஒலிபரப்பும் வானொலிகளும் ஏறக்குறைய மறந்துவிட்ட நிலையில், ராப் இசைக்கும் ஹெவி மெட்டல் இசைக்கும் பெயர்பெற்ற தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவரைத் தேடி வந்தார். 1994-இல் வெளிவந்த முதல் 'அமெரிக்கன்' தொகுப்பில் ஒரு கிட்டாரும் ஒரு குரலும் தவிர வேறெதுவும் இல்லை. அதன்பின் வந்த வரிசையில் இது நான்காவது. இடைப்பட்ட காலத்தில் நரம்பு மண்டலத்தைத் தாக்கிய நோயும் மீண்டும் மீண்டும் வந்த நிமோனியாவும் அவருடைய மூச்சைக் குறைத்துவிட்டன. இத்தொகுப்பில் சில வரிகளின் இறுதிச் சொல்லுக்குக் காற்று போதாமல் குரல் உதிர்வதைத் தெளிவாகவே கேட்கலாம். ரூபின் அதை மறைக்கவில்லை.

இத்தொகுப்பின் உச்சம் எது என்று கேட்டால், பலரும் சொல்லும் பாடலை விட்டுவிட்டு, மூன்றாவதாக வரும் 'கிவ் மை லவ் டு ரோஸ்' பாடலையே சொல்வேன். கேஷ் எழுதிய இப்பாடல் 1957-இல் சன் நிறுவனத்தின் தட்டொன்றில் முதலில் வந்தது. தண்டவாளத்தின் ஓரத்தில் சாகக்கிடக்கும் ஒருவனை வழிப்போக்கன் ஒருவன் காண்கிறான். பத்தாண்டு சிறைவாசம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அந்த மனிதன், தன் மனைவி ரோஸுக்கும் மகனுக்கும் சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிட்டு இறந்துபோகிறான். 25 வயதில் கேஷ் இதைப் பாடியபோது, லூதர் பெர்கின்ஸின் மின்கிட்டாரும் மார்ஷல் கிரான்ட்டின் பாஸும் ரயில் ஓட்டம்போல் தாளம் போட, நாம் கேட்டது அந்த வழிப்போக்கனின் குரலை. துயரம் அதில் உண்டு. ஆனால் அது பார்த்தவனின் துயரம், செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் உடல்வலு உள்ளவனின் துயரம். 2002-இல் ஏறத்தாழ அதே சொற்களை அவர் மிக மெதுவாகப் பாடும்போது, கண்டெடுத்தவன் பின்னுக்குப் போய்விடுகிறான். தரையில் கிடப்பவனே பேசுகிறான். தன் மனைவி வேறொருவரை மணந்துகொள்ளட்டும், தனியாக வாழ்வது அவளுக்கு நல்லதல்ல என்று இறப்பவன் சொல்லும் பகுதி, இளமைப் பதிவில் கதையின் ஒரு திருப்பமாகவே கடந்துபோகும். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சுக்கான இடைவெளி இருப்பதால், சொல்லி முடிக்கும்வரை உயிர் இருக்குமா என்ற கேள்வி நமக்குள் எழுகிறது. இந்தப் பதிவுக்குத்தான் 2003-இல் சிறந்த கன்ட்ரி ஆண்குரலுக்கான கிராமி விருது கிடைத்தது. தன் பாடலையே மறுபடி பாடி ஒருவர் அதன் மையத்தை இப்படி இடம்மாற்றியது அரிதான காரியம்.

ஸ்டிங் எழுதி 1996-இல் பாடிய 'ஐ ஹங் மை ஹெட்' அடுத்த சாதனை. அண்ணன் தம்பி உறவில் ஒருவனின் துப்பாக்கியை மற்றவன் எடுத்து, பொழுதுபோகாமல் குறிபார்த்துக்கொண்டிருக்கையில் அது வெடித்து, தொலைவில் குதிரையில் சென்றவர் இறந்துவிடுகிறார். சுட்டவன் தூக்குமேடைக்குப் போகிறான். ஸ்டிங்கின் பதிவு ஒன்பது எண்ணிக்கை கொண்ட, நொண்டி நடைபோடும் தாளத்தில் அமைந்தது. கேட்பவரின் கவனத்தில் ஒரு பங்கை அந்தத் தாளமே எடுத்துக்கொள்ளும். கேஷ் அதை நேரான நாலு எண்ணிக்கைக்குக் கொண்டுவந்துவிட்டார். சாமர்த்தியம் போய்க் கதை மிஞ்சியது. சிறைகளுக்குள் சென்று பாடிய மனிதர், குற்றவாளிகளைப் பற்றிப் பாதி வாழ்நாள் பாடிய மனிதர், ஒரு கொலையின் காரணத்தைச் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நிற்பவனாக இதைப் பாடுகையில், இது அவருக்கென்றே நூறாண்டுக்கு முன்னால் எழுதப்பட்ட மேற்கத்திய நாட்டுப்பாடல் என்று நம்பத் தோன்றுகிறது. மேற்கத்தியக் கதைகளை நேசித்த ஓர் ஆங்கிலேயர் எழுதியது என்பது நினைவுக்கு வரவே நேரமாகிறது.

இனி 'ஹர்ட்'. நைன் இன்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் இருபதுகளின் பிற்பகுதியில் எழுதி, 1994-இல் வெளியிட்ட பாடல். மூலத்தில் கிட்டார் வரிசைக்குள் ஒரு சுரமோதல் திரும்பத் திரும்ப வந்து காதைக் கூசச் செய்யும்; முடிவில் பேரிரைச்சல் வெடிக்கும். கேஷின் பதிவில் அந்தச் சுரமோதல் இல்லை. எளிய கிட்டார் மீட்டல், பின்னர் ஒரே சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டே வலுக்கும் பியானோ, அவ்வளவே. ஒரு வசைச்சொல்லை நீக்கிவிட்டு முள்முடி என்று மாற்றிப் பாடினார். அந்த ஒரு மாற்றத்தால் ஓர் இளைஞனின் தன்வெறுப்பு, விசுவாசி ஒருவரின் பாவ அறிக்கையாகிவிடுகிறது. இளைஞர் பாடியபோது நண்பர்கள் எல்லோரும் கடைசியில் விலகிப் போகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. எழுபது வயதில் அதே சொற்களுக்கு, நண்பர்கள் இறந்துவிட்டார்கள் என்பதே பொருள். 1960-களில் மாத்திரைகளுக்கு அடிமையாகித் தன்னையும் குடும்பத்தையும் வதைத்த காலத்தைக் கேஷ் ஒருபோதும் மறைத்ததில்லை என்பதால், பாடலில் வரும் ஊசியும் வடுவும் அவரிடம் இரவல் பொருட்களாகத் தெரியவில்லை. மார்க் ரோமனெக் இயக்கிய காணொளி புகழ்பெற்றது, அதற்குரிய விருதுகளையும் பெற்றது. ஆனாலும் இந்தப் பாடலை ஒருமுறையேனும் காணொளி இல்லாமல் கேட்குமாறு வேண்டிக்கொள்கிறேன். படங்கள் நமக்காக அழுதுவிடுகின்றன. குரலோ எங்கும் அழுவதில்லை. அந்தக் கட்டுப்பாடே இந்தப் பதிவின் பலம்.

தொகுப்பைத் தொடங்கும் 'த மேன் கம்ஸ் அரௌண்ட்' கேஷின் கடைசிக்காலப் படைப்புகளில் ஒன்று. பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகார வசனங்களைப் பேச்சாகச் சொல்லித் தொடங்கி, அதே அதிகார வசனங்களோடு முடிக்கிறார். முதலில் வெள்ளைக் குதிரை. இறுதியில் மரணத்தைச் சுமந்துவரும் மங்கிய நிறக் குதிரை. நியாயத்தீர்ப்பைப் பற்றிய பாடல் என்றாலும் அச்சுறுத்தும் தொனி இல்லை. கிட்டாரின் துள்ளல் அதைச் சிறுவர்கள் கைதட்டிப் பாடும் அளவுக்கு உற்சாகமாக வைத்திருக்கிறது. தன்னையும் அந்தத் தீர்ப்புக்குக் கீழே நிறுத்திக்கொண்டு பாடுகிறார் என்பதால் அந்த உற்சாகம் உறுத்தவில்லை.

டெபேஷ் மோட் குழுவின் 'பெர்சனல் ஜீசஸ்' இங்கே ஜான் ஃப்ருஷியான்டேயின் கிட்டாரில் ப்ளூஸ் சாயல் கொண்ட பாடலாகிறது. எழுதியவர்களின் குழுவில் அது சந்தேகமும் கேலியும் கலந்தது. கேஷோ அதை நற்செய்திப் பாடலாகவே எடுத்துக்கொண்டு பாடுகிறார், பாடலும் அதற்கு இடம் கொடுக்கிறது. யூவன் மக்கால் எழுதி, ரோபர்ட்டா ஃப்ளாக்கின் குரலில் 1972-இல் உலகமெங்கும் பரவிய 'த ஃபர்ஸ்ட் டைம் எவர் ஐ சா யுவர் ஃபேஸ்' பாடலை அவர் ஏறக்குறையப் பேச்சாகவே சொல்கிறார். புதுக்காதலின் வியப்பு அங்கே, பல்லாண்டுத் துணையை நினைத்துப்பார்ப்பவரின் நன்றியாகிவிடுகிறது.

குறைகளுக்கு வருகிறேன். 'பிரிட்ஜ் ஓவர் ட்ரபுள்டு வாட்டர்' படிப்படியாக மேலே ஏறுவதற்காகவே கட்டப்பட்ட மெட்டு. கேஷால் அந்த உயரத்துக்குப் போக முடியவில்லை. ஃபியோனா ஆப்பிளின் மெல்லிய துணைக்குரலும் அவரைத் தாங்கிப் பிடிக்காமல் ஓரத்தில் மிதக்கிறது. 'டெஸ்பெராடோ' பாடலில், அதை எழுதியவர்களில் ஒருவரான டான் ஹென்லியே உடன் பாடுவது மரியாதைக்குரிய செயல், ஆனால் மரியாதையைத் தாண்டி அந்தப் பதிவில் எதுவும் நிகழவில்லை. ஹேங்க் வில்லியம்ஸின் 'ஐம் சோ லோன்சம் ஐ குட் க்ரை' பாடலைக் கேஷ் 1960-லேயே தனியாகப் பாடியிருக்கிறார். தனிமையைப் பற்றிய அப்பாடலில் இங்கே நிக் கேவ் இரண்டாம் குரலாகச் சேர்வது எனக்குப் புரியவில்லை. அவருடைய கனத்த, நாடகத்தன்மையுள்ள குரல் இப்பாடலின் எளிமையைக் கலைக்கிறது. பீட்டில்ஸின் 'இன் மை லைஃப்' பிழையற்றது, மனத்தில் தங்காதது. இந்த நான்கையும் நீக்கிப் பதினொரு பாடல்களோடு வெளியிட்டிருந்தால் தொகுப்பு இன்னும் இறுகியிருக்கும். நடுப்பகுதியிலிருந்து அடுத்தடுத்து வரும் மெதுவான பாடல்கள், ஒவ்வொன்றாகக் கேட்டால் தாங்கும், சேர்த்துக் கேட்டால் சோர்வு தரும்.

அந்தச் சோர்வை 'சாம் ஹால்' உடைக்கிறது. தூக்குமேடையில் நின்று எல்லோரையும் சபிக்கும் ஒருவனின் பழைய பாடல். கேஷ் அதையும், இத்தொகுப்பில் உள்ள இன்னொரு பழைய பாடலான 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ'வையும் 1965-இல் ஒரே தொகுப்பில் பாடியிருந்தார். இங்கே அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பாடும் வேகத்தைக் கேட்டால், மற்ற பாடல்களில் உள்ள தளர்ச்சியில் ஒரு பகுதி அவர் தேர்ந்துகொண்ட பாணி என்பதும் விளங்கும். 'டேனி பாய்' ஆர்கன் இசையோடு, திருப்பலி முடிந்த ஆலயத்தில் பாடுவதைப்போல் ஒலிக்கிறது. மகன் திரும்பி வரும்போது நான் கல்லறையில் இருக்கலாம் என்று சொல்லும் வரிகள், இளமையில் அவர் பாடியபோது வழக்கமான சோகவரிகளாக இருந்தன. இப்போது அவை நேரடியான தகவல்.

நோயாளி ஒருவரின் பலவீனத்தைத் தயாரிப்பாளர் விற்பனைக்கு வைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு இந்தத் தொகுப்பின்மீது உண்டு. அதை நான் ஏற்கவில்லை. கேஷ் திடகாத்திரமாக இருந்த 1994-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் இதே நெருக்கமான பதிவு, இதே குறைந்த வாத்தியங்கள் தாம். முறை மாறவில்லை, மனிதரின் உடல்நிலைதான் மாறியது. அவர் டென்னசியில் தம் நிலத்திலிருந்த மரக்குடிலில், முடிந்த நாட்களில் முடிந்த அளவுக்குப் பாடினார். குரல் உடைந்த இடங்களைக் கருவிகளால் ஒட்டித் திருத்தியிருந்தால்தான் அவருக்கு அவமதிப்பாகியிருக்கும். ஆனால் பாடல் தேர்வில் மரணம் என்ற ஒரே பொருளை இத்தனை முறை அழுத்தியிருக்க வேண்டியதில்லை என்ற அளவில் ரூபின்மீது எனக்கும் குறையுண்டு. நகைச்சுவையும் குறும்பும் கேஷின் பாடல்களில் எப்போதும் இருந்தவை; இங்கே அவற்றுக்கு இடம் மிகக் குறைவு. கடைசிப் பாடலான 'வீ'ல் மீட் அகெய்ன்' ஓரளவு அந்தக் குறையைத் தீர்க்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேரா லின் பாடிய அந்தப் பாடலில், முடிவில் குடும்பத்தாரும் நண்பர்களும் கூட்டமாகச் சேர்ந்துகொள்கிறார்கள். கேஷும் மகிழ்ச்சியாகவே பாடுகிறார்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 1957-ஆம் ஆண்டின் 'கிவ் மை லவ் டு ரோஸ்' பதிவை முதலில் கேட்டுவிட்டு, உடனே இத்தொகுப்பில் உள்ளதைக் கேட்டால், நான் மேலே சொல்லியவை ஏழெட்டு நிமிடங்களுக்குள் விளங்கிவிடும். ஆங்கில வரிகளின் வேகம் பலருக்குத் தடையாக இருப்பதுண்டு. இதில் ஒவ்வொரு சொல்லையும் கேஷ் நிறுத்தி உச்சரிப்பதால் அந்தத் தடையும் பெரிதாக இல்லை. வரிசையில் உள்ள மற்றவற்றை வாங்குவதென்றால் அடுத்து 1994-ஆம் ஆண்டின் முதல் தொகுப்பை எடுக்கலாம். 2003 செப்டம்பரில் கேஷ் மறைந்தபின், எஞ்சிய பதிவுகளைக் கொண்டு 2006-இலும் 2010-இலும் வெளியிடப்பட்ட இரண்டு தொகுப்புகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.