எம்ஆர்எல் எலியா, கினி பிக்கா?

நம்ம எதிர்ப்பு சக்தியே உள்காதைத் தாக்கி செவிடாக்கலாம்னு மெக்கேப்னு ஒரு காது டாக்டர் 1979ல எழுதினாரு. ஆனா நோயாளியோட உள்காதுல ஒலியை உணர்ற காக்ளியாவுல துண்டு வெட்டி டெஸ்ட் பண்ண முடியாது (வெட்டினா மிச்சமிருக்கிற காதும் போச்சு), அதனாலதான் விலங்குகள்ல பார்க்கிறாங்க; அதுல எந்த விலங்கு எதுக்குச் சரிங்கிறதுதான் கேள்வி.

எம்ஆர்எல்/எல்பிஆர்ங்கிற ஆய்வக எலி வகைக்கு நாம ஒண்ணுமே பண்ண வேண்டாம். ஃபாஸ் ஜீன்ல கோளாறு, சாக வேண்டிய லிம்ஃபோசைட் (எதிர்ப்பு சக்தி செல்) சாகாம குவியுது, லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்) மாதிரி நோய் தானா வந்து சில மாசத்துல காதும் மந்தமாயிடுது. கூத்து என்னன்னா, காக்ளியாவுக்குள்ள அழற்சி செல்லே பெருசா இருக்காது, உள்காது திரவத்தோட உப்புச் சமநிலையைப் பார்த்துக்கிற ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ்தான் கெட்டுப்போயிருக்கும். ப்ரெட்னிசலோன்னு அழற்சியை அடக்கிற ஸ்டீராய்டு குடுத்தா உதவுது சரி, ஆனா சோடியம் பொட்டாசியத்தைப் பார்த்துக்கிற ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் குடுத்தாலும் உதவுதே, அப்ப ஸ்டீராய்டு அழற்சியை அடக்கித்தான் காதைக் காப்பாத்துதா? எனக்கு இந்த எலி பிடிக்க இதுதான் காரணம். குறைன்னா, கிட்னியும் சேர்ந்தே கெடுது, எது எதால வந்துச்சுன்னு பிரிக்கிறது கஷ்டம்.

கினி பிக்ல கதை வேற. கேஎல்எச்னு ஒரு கடல் நத்தை புரதம், முதல்ல உடம்புல ஊசி போட்டு பழக்கிட்டு அப்புறம் நேரா உள்காதுக்குள்ள விடுவாங்க. செல்லுங்க திபுதிபுன்னு வரும், தழும்பு விழும், கேட்கிறது குறையும். எந்த நாள் ஆரம்பிச்சதுன்னு தெளிவா தெரியும், காக்ளியாவும் பெருசு, ஆபரேஷன் ஈஸி. ஆனா அது வெளிப்புரதம்தானே, இதை ஆட்டோஇம்யூன், அதாவது தன் உடம்பையே தாக்கறதுன்னு சொல்றதே கொஞ்சம் ஓவர்.

மருந்து பார்க்கணும்னா எலி, செல்லுங்க உள்காதுக்குள்ள எப்படி நுழையுதுன்னு பார்க்கணும்னா கினி பிக்.