டபிள்யூ.சி. பாலிசியா, குரூப் ஆக்சிடென்ட் பாலிசியா? சிறு கட்டட ஒப்பந்ததாரருக்கு எது?

இருபது, முப்பது ஆட்களை வைத்து வேலை எடுப்பவர்கள் பெரும்பாலும், ஆட்களுக்கு விபத்து நடந்தால் குறிப்பிட்ட தொகை தரும் குரூப் ஆக்சிடென்ட் பாலிசியோடு நின்றுவிடுகிறார்கள். அதில் நல்லதும் உண்டு. லீவு நாளில் சொந்த வேலையாகப் பைக்கில் போகும்போது அடிபட்டாலும் பணம் வரும். டபிள்யூ.சி. (வொர்க்மென்ஸ் காம்பென்சேஷன்) பாலிசி, அதாவது ஆளுக்கு முதலாளி சட்டப்படி தரவேண்டிய இழப்பீட்டை ஏற்கும் பாலிசி, வேலையோடு தொடர்புள்ள விபத்துக்குத்தான். இரண்டும் எடுத்தால் நிம்மதி. ஒன்றுதான் முடியும் என்றால், தயங்காமல் டபிள்யூ.சி.

குரூப் பாலிசி குடும்பத்துக்குப் பணம் தரும். ஒப்பந்ததாரர் தலையில் சட்டப்படி விழும் இழப்பீட்டுப் பொறுப்பைத் தீர்க்காது. 25 வயதுக் கம்பி கட்டுபவர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தால் கணக்கைப் பாருங்கள். நாள் கூலி 900 ரூபாய் என்றாலும், மாதச் சம்பளமாக எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000. அதில் பாதி 7,500. அந்த வயதுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் பெருக்கு எண் 216.91. பெருக்கினால் 16,26,825 ரூபாய். 5 லட்சத்துக்குக் குரூப் பாலிசி வைத்திருந்தாலும் இந்தப் பொறுப்பு அப்படியே நிற்கும்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, குடும்பத்திடம் ரொக்கம் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்களே, அதுவும் உதவாது. மரண இழப்பீட்டை, இழப்பீட்டு வழக்குகளைப் பார்க்கும் அரசு அதிகாரியிடம் டெபாசிட் செய்தால்தான் செல்லும். ஒரு மாதம் தாண்டினால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். அந்த அபராதத்தைப் பொதுவாக இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது.

டபிள்யூ.சி. எடுத்தும் கிளெய்ம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் மேஸ்திரி ஆட்களால்தான். சென்ட்ரிங் மேஸ்திரி கூட்டி வந்த ஆள் விழுந்தாலும் முதன்மை ஒப்பந்ததாரரிடம் இழப்பீடு கேட்கலாம் என்கிறது சட்டம். பாலிசியில் துணை ஒப்பந்த ஆட்களைச் சேர்க்கவில்லை என்றால் கம்பெனி கைவிரிக்கும். பிரீமியத்தை மிச்சம்பிடிக்க 25 பேரைப் பத்துப் பேர் என்று காட்டுவதும், கொத்தனார் கூலியைச் சித்தாள் கூலியாக எழுதுவதும் இதே வகைதான்.

மருத்துவச் செலவைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பில்லும் சட்டப்படி முதலாளி பொறுப்புதான், வெறும் டபிள்யூ.சி.யில் அது பெரும்பாலும் இருக்காது. அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் முறையாகப் பதிவான ஆட்களுக்கு டபிள்யூ.சி. தேவையில்லை. பிரீமியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் இரண்டு, மூன்று இடத்தில் விசாரியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருப்பதால், பழைய 1923 இழப்பீட்டுச் சட்டத்தை மட்டும் சொல்லும் பாலிசியாக இருந்தால் புதியதையும் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் எழுத்துப்பூர்வத் திருத்தம்) வாங்குங்கள்.

ஆட்களின் வருகையைக் குறிக்கும் மஸ்டர் ரோலை மாலையில் எழுதும் பழக்கத்தை இன்றே விடுங்கள். காலையில் புதிதாக வந்த சித்தாள் பதினோரு மணிக்கு விழுந்தால், அவர் நம் ஆள் என்று காட்ட அந்த நோட்டில் ஒரு வரிகூட இருக்காது. சாரத்தில் ஏறுவதற்கு முன்பே பெயர், வயது, கூலி மூன்றும் ஏறியிருக்க வேண்டும்.