ஏழடி உயரமா, கைத்திறனா: ஆட்டம் இறுகும்போது களத்தில் யார்?

எங்கள் கூடைப்பந்துக் குழுவின் பன்னிரண்டாவது இடத்திற்குச் சென்ற மாதம் இரண்டு பையன்கள் மிஞ்சினார்கள். ஒருவன் ஆறடி நான்கு அங்குலம். மற்றவன் அவன் தோளுக்குக் கீழே நிற்பவன், ஆனால் இரு கைகளாலும் பந்தைத் தட்டிச் சென்று, தூரத்திலிருந்து தயங்காமல் எறிபவன். நான் குள்ளமானவனை எடுத்தேன். அதற்காக நண்பர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான். உள்ளூர் ஆடுகளத்தை வைத்து வாதிட்டால் இரு தரப்புக்கும் சான்று கிடைத்துவிடும் என்பதால், உயரமும் திறனும் ஒருசேரக் குவிந்திருக்கும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வை வைத்தே இதைப் பார்க்கிறேன்.

உயரத்தின் பக்கம் நீட்டி முழக்க வேண்டியதில்லை. வளையம் பத்தடி உயரத்தில் இருக்கிறது. அதற்கு அருகில் உள்ள கைக்கு வேலை எளிது. வளையத்தருகே நின்றே ஆதிக்கம் செலுத்திய நெடிய வீரர் ஜார்ஜ் மைக்கனை அடக்க 1951இல் வளையத்தின் கீழுள்ள பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். அதேபோன்ற நெடியவரான வில்ட் சேம்பர்லினுக்காக 1964இல் அதையே 16 அடியாக்கினார்கள். 1999 முதல் 2007 வரையிலான ஒன்பது பட்டங்களில் எட்டு, டிம் டங்கன், ஷகீல் ஓ'நீல் என்ற நெடிய வீரர்களில் ஒருவர் ஆடிய அணிகளுக்கே சென்றன.

இருந்தும் நான் திறனின் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி: ஆட்டம் இறுகும் நேரத்தில் பயிற்சியாளரால் அந்த வீரரைக் களத்தில் வைத்திருக்க முடியுமா? உயரத்தை எதிரணியால் பறிக்க முடியாது. ஆனால் அது பயன்படாத இடத்துக்கு அதை இழுத்துச் செல்ல முடியும். மூன்று புள்ளிக் கோடு வளையத்துக்கு நேர் எதிரே 7.24 மீட்டர் தொலைவில் இருக்கிறது. எதிரணியின் ஐந்து பேருக்குமே அங்கிருந்து எறியத் தெரியும் என்றால், ஏழடி மனிதர் வளையத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும். வந்தால், தன்னைவிட ஓரடி குட்டையான, துடியான கார்டின் (வெளியே நின்று பந்தை நடத்திச் செல்பவரின்) முன் பரந்த வெளியில் தனியாக மாட்டிக்கொள்வார். வராவிட்டால் தலைக்கு மேல் மூன்று புள்ளி பறக்கும்.

2015 இறுதிச் சுற்றில் நடந்தது இதுதான். கிளீவ்லேண்டிடம் ஆட்டக் கணக்கில் 1-2 எனப் பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, நான்காவது ஆட்டத்தில் ஏழடி ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு, ஆறடி ஆறு அங்குல ஆண்ட்ரே இகுவோடாலாவுடன் தொடங்கியது. அதே உயரமுள்ள டிரேமண்ட் கிரீன் சென்டராக, அதாவது வழக்கமாக அணியின் நெடியவர் நிற்கும் நடு இடத்தில், நின்றார். கிளீவ்லேண்டின் ஏழடி ஓர் அங்குல டிமோஃபே மோஸ்கோவ், தடுக்க உயரமானவர் இல்லாததால் 28 புள்ளிகளைக் குவித்தார். அவருடைய அணியோ 82-103 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் அவர் களத்தில் இருந்தது ஒன்பதே நிமிடங்கள். முந்தைய ஆட்டத்தில் 28 புள்ளி எடுத்தவரை உட்கார வைக்க வேண்டி வந்ததே, அந்த ஒன்பது நிமிடங்கள்தான் என் வாதத்தின் உயிர்நாடி. கோல்டன் ஸ்டேட் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை வென்று பட்டத்தையும் எடுத்துக்கொண்டது.

2021இல் யூட்டா அணிக்கும் இதே கதிதான். அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பு வீரர் ரூடி கோபேர் வளையத்தருகே இருந்தும், உயரம் குறைந்த ஐவரை இறக்கிய கிளிப்பர்ஸ் அணி அந்தத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 25 புள்ளிப் பின்னடைவைத் தாண்டி வென்றது. மூலையில் தடுக்க ஆளின்றி விடப்பட்ட கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மான் 39 புள்ளி எடுத்தார். கோபேரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முன்னே நின்ற கார்டுகள் தங்கள் ஆட்களை விட்டுவிட்டதால்தான் அவர் மானை விட்டுவிட்டு உள்ளே ஓட வேண்டியிருந்தது.

என் கட்சிக்கு எதிரான சான்றுகளையும் மறைக்கக் கூடாது. 2000 இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் ஓ'நீல் 39 ஃப்ரீ த்ரோ (எதிரணி தவறிழைத்தால் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் வாய்ப்பு) எறிந்தார், விழுந்தவை 18. அவர் தவறவிடுவார் என்று நம்பி, வேண்டுமென்றே பிடித்து நிறுத்தி அவரை எறிய வைத்த இந்தியானாவின் தந்திரம் அதற்கு மேல் பலிக்கவில்லை, 40 புள்ளியும், தவறிய பந்துகளைக் கைப்பற்றிய 24 ரீபவுண்டுமாக அவர் தன் அணியான லேக்கர்ஸை வெல்ல வைத்தார். அந்த அளவுக்கு உடல்வலு இருந்தால் என் கேள்வியே எடுபடாது. மறுபுறம், 2020இல் ஹூஸ்டன் தன் நெடிய சென்டரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, ஆறடி ஐந்து அங்குல பி.ஜே. டக்கரை அந்த இடத்தில் நிறுத்தி, லேக்கர்ஸிடம் 1-4 என்று சுருண்டது. அப்போதும் லேக்கர்ஸ் தன் பழைய பாணி சென்டர்களை ஓரங்கட்டி, வெளியிலும் ஆடத் தெரிந்த ஆறடி பத்து அங்குல ஆண்டனி டேவிஸையே நடுவில் நிறுத்தியது என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உயரம் மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் பஞ்சாபின் சத்னாம் சிங். ஏழடி இரண்டு அங்குலம், 2015 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) டல்லஸ் 52ஆவதாகத் தேர்ந்தெடுத்தது, என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு நிகோலா யோகிச் 41ஆவதாகப் போனார்.  ஆறடி பதினோரு அங்குலமுள்ள அவர் பெரிதாக எகிறுவதும் இல்லை, வேகமாக ஓடுவதும் இல்லை. கார்டுகளைப் போல் பந்து கொடுத்தே 2023இல் டென்வருக்கு முதல் பட்டத்தை வாங்கித் தந்தார். ஏழடி நான்கு அங்குல விக்டர் வெம்பன்யாமா 2023இல்தான் வந்தவர் என்பதால், அவரை எந்தத் தட்டிலும் வைக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

எங்கள் உயரமான பையனை நான் அனுப்பிவிடவில்லை. தினமும் காலையில் நூறு ஃப்ரீ த்ரோ எறிகிறான். நேற்று அறுபத்திரண்டு விழுந்தன.